டார்லா குடித்த தண்ணீர்

எங்கள் ஒஹாயோ ஊர் குடும்ப நீதிமன்றத்தில் வியாழக்கிழமை மட்டும் கைதட்டலாம். போதையை விடப் போராடும் தாய் தகப்பன்கள் வரும் நாள் அது. ஒரு வாரம் தொடாமல் இருந்தவருக்கு நீதிபதியே முதலில் தட்டுவார். வாசல் காவலில் நிற்கும் நானும் தட்டுவேன். டார்லாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக, மறைப்பானேன்?

கோழி வெட்டும் ஆலையில் அவளுக்கு வேலை. வாய் ஓயாது. தோள்வலிக்குப் போட ஆரம்பித்த மாத்திரை அவளையே விழுங்கியதில், மகள் ஜோசியை நீதிமன்றம் வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்த வியாழக்கிழமை சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் பிள்ளை வீடு திரும்பலாம்.

வந்ததோ வெறும் தண்ணீர்! சிறுநீர் நீர்த்துப்போயிருந்தால், போட்ட மாத்திரையை மறைக்கத் தண்ணீர் குடித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"அடிப்பாவி! யாருடி உன்னை இவ்ளோ குடிக்கச் சொன்னது?" என்று அவள் காதோரம் கடிந்தேன்.

"ஒருத்தி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு வராது, பெர்னிஸ் அக்கா. அதான்..."

நீதிபதி ஹாஸ்கின்ஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "டார்லா, மாத்திரை போட்டியா?"

"போடலம்மா. ஆனா செவ்வாக்கிழமை, விக்கிறவன் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறம் திரும்பிட்டேன்."

அவளுடைய வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். கேட்காததை இவள் ஏன் உளற வேண்டும்?

"மறைக்க நினைக்கிறவ இதைச் சொல்லமாட்டா," என்றார் நீதிபதி. "மதியம் திரும்பக் குடு. அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி கூடாது."

மதியம் கழிப்பறைக்குள் டார்லாவும் பரிசோதிக்கும் பெண்ணும். கதவுக்கு வெளியே நான். வரவில்லை. குழாயைத் திறந்துவிடச் சொன்னேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

"நிறுத்துக்கா, வர்றதும் நின்னுடும்!"

எப்படியோ வந்தது. சுத்தம்! கூடமே எழுந்து தட்டியது. நான் அழுதேன், அதனால் என்ன?

வளர்ப்புத் தாய் மார்ஜின் கையைப் பிடித்து வந்த மூன்று வயது ஜோசி முழித்தாள். "ஏம்மா எல்லாரும் தட்றாங்க?"

"அம்மா ஒண்ணுக்குப் போனேன்டா கண்ணு."

"நானும்தான்! எனக்கு இப்ப டயப்பரே இல்ல. அன்னிக்கு மார்ஜ் தட்டினாங்க!"

டார்லாவின் முகம் வாடிவிட்டது. அந்த நாளில் அவள் பக்கத்தில் இல்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டாள். "வீட்டுக்குப் போய் எனக்கும் காட்டு. நானும் தட்டறேன்."

"இப்பவே வருதும்மா."

தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். டார்லா தட்டிய சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.