எங்கள் வீட்டுக் குடி

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, எனக்கு மேடையேறிப் பேசத் தெரியாது. ஆனால் மாதா எங்கள் வீட்டுக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் கம்பெனிகள் பெருகிய நேரத்தில் என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. மெஷின்களை ஏற்றி அனுப்ப மரப்பெட்டி அடிக்கிற வேலை. அவர் அடித்த பெட்டியில் ஓர் ஆணிகூடக் கோணலாக இருக்காது. அப்படிப்பட்ட கை. அந்தக் கையில்தான் பாட்டிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

எண்பத்தாறாம் வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஈரல் வீங்கிப் போயிருக்கும்மா. இனிமே குடிச்சா ஆள் தங்க மாட்டார்" என்றார். இரண்டு பெண் குழந்தைகள் எனக்கு. கும்பிடாத நேரமில்லை. உடம்பு தேறி வேலைக்குப் போனார். சம்பளம் வாங்கிய அன்றே மறுபடி கடைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தள்ளாடி வந்தவர் சுவரில் மோதினார். மேலே இருந்த மாதா படம் விழுந்து கண்ணாடியும் சட்டமும் தூள் தூளாகிவிட்டன. அவருக்கு அது தெரியவே இல்லை, படுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதை யார் மேல் காட்டுவது? மாதா மேல்தான் காட்டினேன்.

"உன் வீட்டையே உன்னால காப்பாத்திக்க முடியல. என் வீட்ட எங்க காப்பாத்தப் போற?" என்று கத்தினேன்.

கத்தி முடித்ததும் எனக்கே பாவமாக இருந்தது. வீடு இடிந்து நிற்கிறவளிடம் போய் இப்படியா கேட்பார்கள்? சரி, முதலில் உனக்கு ஒரு வீடு கட்டித் தருகிறேன், அப்புறம் என் வீட்டைப் பார் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுப்பெரிக்க அவர் கொண்டுவந்து போட்டிருந்த பேக்கிங் பலகைகளை எடுத்து மாதா படத்தை வைக்க ஒரு சின்னக் கெபி, குட்டிக் கோயில் மாதிரி, செய்ய ஆரம்பித்தேன். எனக்குத் தச்சு வேலை தெரியாது. கண்ணில் பட்டதை எல்லாம் சேர்த்தேன். காயலான் கடையில் லேத்திலிருந்து விழுந்த பித்தளைச் சுருள் கிடைத்தது, அதை மாதாவின் தலைக்குப் பின்னால் ஒளி மாதிரி வைத்தேன். பக்கத்து வீட்டு லட்சுமம்மா, தெலுங்குக்காரி, உடைந்த வளையல்களைக் கொடுத்தாள். ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டுமே? அதற்கா எங்கள் வீட்டில் பஞ்சம்! அவர் குடித்துப் போட்ட பாட்டில்கள் பச்சையிலும் பழுப்பிலும் மூலையில் குவிந்து கிடந்தன. சாக்கில் சுற்றி உடைத்து, துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டு ஒவ்வொரு துண்டையும் தேய்த்தேன். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ரோடு போட்ட இடத்தில் கிடந்த தாரை உருக்கி ஒட்டினேன்.

ஒரு துண்டு தேய்ந்து முடிய ஓர் அருள்நிறை மரியே செபம் போதாது, பல சொல்ல வேண்டும். கோபமாகத் தேய்த்தால் கண்ணாடி விரலைக் கிழித்துவிடும். நிதானமாகத் தேய்த்தால்தான் விளிம்பு வழவழப்பாகும். எனவே கோபத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் தினமும் அந்தக் கல் முன்னால் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் மட்டும் மனசு லேசாக இருக்கும். எழுந்தால் மறுபடி பயம் வந்து பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கெபியை வாசல் வெயிலில் வைத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பச்சை வெளிச்சம் தரையில் விழுந்தது. லட்சுமம்மா எட்டிப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"மேரி, மீ குடி சானா பாகுந்தி!"

உள்ளே தலைவலியோடு படுத்திருந்தவர் காதில் இது விழுந்தது. ஓசூரில் இருக்கிறவருக்கு அவ்வளவு தெலுங்கு தெரியாதா என்ன? தெரியும். ஆனால் குடி என்ற சொல்லுக்கு அவர் காதில் ஒரே அர்த்தம்தான். துள்ளி எழுந்து வந்தார்.

"என்னாடி, என் குடி ரொம்ப நல்லாருக்குன்னு ஊரக் கூட்டி நக்கல் பண்ணிக்கினு இருக்கீங்களா?"

லட்சுமம்மா, "அய்யய்யோ அண்ணா, உன் குடி இல்ல! இந்தக் குடி! கோயிலு, கோயிலு!" என்று கெபியைக் காட்டினாள். தெலுங்கில் குடி என்றால் கோயில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்கவே முடியவில்லை. அவர் அசடு வழிய நின்றார். பிறகுதான் கெபியைச் சரியாகப் பார்த்தார். அந்தப் பச்சையும் பழுப்பும் எங்கிருந்து வந்தன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து பலகையைத் தடவினார்.

"இந்த மூலை கோணலா இருக்கு. ஆணிய இப்படியா அடிப்பாங்க? சுத்தியக் கொண்டா."

கொடுத்தேன். ஆணியை வைத்தார். கை நடுங்கியது. ஓங்கினார், ஆணி மேல் விழாமல் விரல் மேல் விழுந்தது. மறுபடி ஓங்கினார், மறுபடியும் தவறியது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன்.

"இத நேரா அடிச்சு முடிக்கிற வரைக்கும் பாட்டிலத் தொட மாட்டேன் மேரி" என்றார்.

அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த வரம் அது. முதல் சில நாட்கள் வேர்த்துக் கொட்டியது, கண்டபடி உளறினார், ஆஸ்பத்திரிக்கும் அலைந்தோம். ஒருநாள் கடை வாசல்வரை போய்விட்டதாக லட்சுமம்மா ஓடி வந்து சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வந்தார். கையில் கெபிக் கதவுக்கு இரண்டு கீல் வைத்திருந்தார்.

கை நிலைத்தது. கோணல் மூலை நேரானது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் திகில் பிடித்தது. முடிக்கிற வரைக்கும் என்றுதானே சொன்னார்? முடிந்துவிட்டால்? உடனே, "ஏங்க, மேல ஒரு கோபுரம் வச்சா நல்லாருக்கும்" என்றேன். கோபுரம் வந்தது. படி கேட்டேன். பூச்சாடிக்கு மாடம் கேட்டேன். வருஷங்கள் இப்படியே ஓடின. பங்குச்சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வரும்போதெல்லாம், "கெபி எப்பம்மா முடியும்?" என்பார். "இன்னும் வேலை இருக்குங்க சாமி" என்பேன்.

பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் சாமியார் வந்தபோது என் வீட்டுக்காரரே முந்திக்கொண்டு, "மந்திரிச்சிடுங்க சாமி" என்றார்.

நான் அவசரமாக, "கோபுரத்துல ஒரு ஜன்னல் காலியா இருக்குதே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது காலியாவே இருக்கட்டும். அதுக்குக் கண்ணாடி வேணும்னா பாட்டில் வேணுமே. நம்ம வீட்ல ஏது? இவ எதுக்கு இத்தன வருஷமா இழுத்தடிக்கிறான்னு எனக்குத் தெரியாதா சாமி?"

நான் சாமியார் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். மாதாவே, உனக்கு நான் கட்டியது ஒரு பெட்டி. நீ எனக்குக் கட்டித் தந்தது முழு வீடு.

உங்களில் யார் வீட்டிலாவது இதே துயரம் இருந்தால் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். அழ வேண்டுமென்றால் அழுங்கள், சண்டை போட வேண்டுமென்றால் மாதாவிடம் போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். உங்கள் வீட்டில் உடைந்து கிடப்பதை எடுத்து அவள் முன்னால் வையுங்கள். ஓசூர்ப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள், கெபி முன்னால் உட்கார்ந்து சேர்ந்து செபிப்போம்.

எங்கள் வீட்டில் குடி இருக்கிறது என்று யாரிடம் வேண்டுமானாலும் நான் தைரியமாகச் சொல்லுவேன். ஆனால் தெலுங்கில்தான் சொல்லுவேன்.