எட்டாம் நாளும் ஆறாம் நாளும்

சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் மீட்டர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். மாடி வீட்டுக்கு ஏற முப்பத்தொரு படி, பேருந்து நிறுத்தத்திலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி, மேற்பார்வையாளர் அம்மா ஒரு பேச்சில் 'ஒழுங்கு' என்ற சொல்லைச் சொல்வது சராசரியாக ஒன்பது தடவை. எண்ணி என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டால் விழிப்பாள். மூச்சு விட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் நாமும் அப்படித்தானே விழிப்போம்.

இப்படி எல்லாவற்றையும் எண்ணுகிறவளுக்கு ஒரே ஒரு எண் மட்டும் இரண்டு வருஷம் மூன்று மாதமாகப் பூஜ்யமாகவே இருந்தது. கல்யாணமான பிறகு புருஷனும் அவளும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை சேர்ந்து இருந்த நாள் எத்தனை என்பதுதான் அந்த எண்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மதியம் பன்னிரண்டுக்கு வண்டியை எடுத்தால் இரவு பத்துக்கு விடுவார். அவளுக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை வேலை. அவள் கிளம்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவர் வரும்போது அவள் தூக்கத்தில் நாளைய படிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். பாத்திரத்தில் மூடி வைத்த சாப்பாடும் அதன் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டும்தான் பாதிக் குடித்தனத்தை நடத்தின.

சரி, விடுமுறை நாள் என்று ஒன்று இருக்குமே? இருந்தது. அதில்தான் வினை. தொழிற்சாலை நாள் தவறாமல் ஓடும். அவளுடைய வரிசையில் எட்டுப் பெண்கள்; இடம் ஏழு பேருக்கு. ஆகவே தினம் ஒருத்தி வீட்டில் இருப்பாள், முறை வைத்து. எட்டு நாளுக்கு ஒரு தடவை இவள் முறை வரும். பணிமனையில் ஐந்து வண்டிக்கு ஆறு ஓட்டுநர்கள். ஆறு நாளுக்கு ஒரு தடவை அவர் முறை வரும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ விடுப்பு எடுத்தால் அன்றைக்கு இவர்களைச் சுற்றி ஐம்பது சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அதை யார் சேர்ந்து இருப்பது என்று சொல்வார்கள்?

கல்யாணமான புதிதில் புருஷன் தைரியம் சொன்னார். "எட்டாறு நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டு நாளுக்கு ஒருக்கா தானா சேர்ந்து வரும். கவலப்படாத."

நாற்பத்தெட்டு நாள் காத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை இவளுக்கு விடுமுறை. அவருக்குப் புதன்கிழமை.

"பாத்தியா, பக்கத்துல வந்துடுச்சு! அடுத்த வாட்டி சேர்ந்துடும்," என்றார் அவர்.

அடுத்த நாற்பத்தெட்டாம் நாளும் அப்படியே பக்கத்தில் வந்து நின்றது. அதற்கு அடுத்ததும். எப்போது பார்த்தாலும் ஒரு நாள் தள்ளி, இல்லாவிட்டால் மூன்று நாள் தள்ளி. அவர் நாட்காட்டியைத் திட்டினார், அச்சடித்தவனைத் திட்டினார், பிறகு அதிர்ஷ்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்துபோனார். அவளால் ஓய முடியவில்லை. எண்ணுகிறவளுக்கு அதிர்ஷ்டம் என்ற சொல்லே பிடிக்காது. போதாததற்கு இப்போதெல்லாம் சாப்பாட்டின் மேல் ஒட்டும் சீட்டிலும் இருவருக்கும் எழுத விஷயம் குறைந்துகொண்டே வந்தது. 'பால் இருக்கு.' 'சரி.' இது இப்படியே போனால் ஒரு நாள் ஒரே வீட்டில் தனித்தனியாக வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி ஆகிவிடுவோமோ என்று அவளுக்கு உள்ளூர பயம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சோப்பில் கீறல் விழுந்தது.

பெரிய கீறல் இல்லை, நகக்கீறல் அளவு. ஆனால் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் அம்மாவுக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு எல்லாமே உடனே விளங்கிவிடும். சோப்பைக் காகிதத்தில் சுற்றும் பெண்களின் நகமும் வளையலும்தான் காரணம். எட்டுப் பேரும் ஒட்ட நகம் வெட்டினார்கள், வளையலைக் கழற்றினார்கள். கையில் வளையலில்லாமல் யாரும் பார்த்தறியாத ஒரு அக்கா இருந்தார். எல்லோரும் அவரை வளையல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வளையலையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அவர் கையை யாரோ இரவல் கொடுத்த கை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீறல் நிற்கவில்லை.

மீட்டர் அன்றைக்கு வரிசையின் முதல் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற இடங்களில் சோப்பு பல கை மாறிக் கலந்துவிடும். முதல் இடத்தில் இயந்திரத்திலிருந்து வரும் வரிசையிலேயே கண்ணுக்கு முன்னால் போகும். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். ஒரு கீறல் சோப்பு. அப்புறம் இருபத்து மூன்று நல்ல சோப்பு. இருபத்து நான்காவது கீறல். மறுபடி இருபத்து மூன்று நல்லது, ஒரு கீறல். பத்து சுற்று எண்ணினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. வளையலுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டாள். நாளெல்லாம் கையில் ஸ்பேனருடன் திரிகிறவர். மனிதர் நல்லவர்.

"இருபத்தி நாலுக்கு ஒண்ணா?" அவர் காதைச் சொறிந்தார். "இந்தா பாரு மீட்டரு. இந்தச் சக்கரத்துல சோப்புக்கு வடிவம் குடுக்கற அச்சு எட்டு. ஒரு அச்சுல கோளாறுன்னா எட்டுக்கு ஒரு சோப்பு கீறணும். அந்தச் சக்கரத்துல, அச்சுலேர்ந்து சோப்ப உறிஞ்சி எடுக்குதே, ரப்பர் வாய், அது ஆறு. ஒரு வாய் கெட்டுப்போச்சுன்னா ஆறுக்கு ஒண்ணு கீறணும். இருபத்தி நாலுன்னு இந்த மெஷின்ல எதுவுமே இல்ல. எல்லாத்தயும் தனித்தனியா அளந்தும் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

"தனித்தனியா சரி அண்ணே. சேர்ந்தா?"

"சேர்ந்தான்னா?"

"ஒரு அச்சு கொஞ்சூண்டு மேல தூக்கி இருக்கு, ஒரு வாய் கொஞ்சூண்டு கீழ தொங்குதுன்னு வெச்சுக்குங்க. தனியா ரெண்டும் ஒண்ணும் பண்ணாது. அது ரெண்டும் நேருக்கு நேர் வர்றப்ப மட்டும் இடிச்சா?"

மெக்கானிக் கொஞ்ச நேரம் இயந்திரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னாலும் எட்டாறு நாப்பத்தெட்டுக்கு ஒரு தடவதானே வரணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் இரண்டு வருஷமாகக் கேட்ட அதே வாய்ப்பாடு.

கீழே கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதினாள். மேல் வரியில் எட்டு எட்டாக: எட்டு, பதினாறு, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு, நாற்பது, நாற்பத்தெட்டு. கீழ் வரியில் ஆறு ஆறாக: ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு. அங்கேயே கை நின்றது. நாற்பத்தெட்டில் இரண்டும் சேர்வது உண்மைதான், பொய்யில்லை. ஆனால் அதற்குப் பாதி வழியிலேயே இரண்டும் ஒரு தடவை சந்தித்துவிடுகின்றன. பெருக்கிப் பார்த்த எல்லோரும் அந்த முதல் சந்திப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மெக்கானிக் அட்டையைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகவும் அது சரியாகத்தான் இருந்தது. இயந்திரத்தை நிறுத்தி, அச்சுகளுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரையும் ரப்பர் வாய்களுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரையும் மார்க்கரால் எண் போட்டார். மெதுவாக ஓட்டினார். கீறல் சோப்பு வந்தபோதெல்லாம் மூன்றாம் அச்சும் ஐந்தாம் வாயும்தான் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு நின்றன.

"ரெண்டு பேரயும் மாத்தணும். புதுசு வர மூணு வாரம் ஆகும்," என்றார் மெக்கானிக். "அதுவரைக்கும் அந்தம்மா என்னை உரிச்சுத் தொங்க விட்ருவாங்க."

மீட்டர் கேட்கவே இல்லை. அவள் மூன்றாம் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஐந்தாம் வாயைப் பார்த்தது, பிறகு ஒன்றைப் பார்த்தது, பிறகு மூன்றை, மறுபடி ஐந்தை. இரண்டு, நான்கு, ஆறு என்ற வாய்களின் பக்கமே அது போகவில்லை. இன்னும் ஓட்டச் சொன்னாள். போகவில்லை.

"அண்ணே, இந்த மூணாம் நம்பர் அச்சு, ரெண்டாம் நம்பர் வாய எப்ப பாக்கும்?"

"எப்பவாவது பாக்கும்."

"பாக்காது அண்ணே. எட்டும் ரெட்டை, ஆறும் ரெட்டை. ஒத்தைப்படையில ஆரம்பிச்சு எத்தன எட்டு தாண்டினாலும் ஒத்தைப்படையிலதான் போய் நிக்கும். எத்தன ஆறு தாண்டினாலும் அப்படித்தான். ரெட்டையில ஆரம்பிச்சது ரெட்டையிலயே கிடக்கும். மெஷின் தேஞ்சு போற வரைக்கும் ஓட்டினாலும் இது ரெண்டும் பாத்துக்காது."

சொல்லி முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் அவளைத் திரும்பிப் பார்த்தார். சோப்புத் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசனையைச் சொன்னாள். பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற சங்கிலியைக் கழற்றி, ரப்பர் வாய்ச் சக்கரத்தை ஒரே ஒரு இடம் தள்ளி மாட்டினால் போதும். மூன்றாம் அச்சு இனிமேல் இரண்டு, நான்கு, ஆறைத்தான் பார்க்கும். ஐந்தாம் வாயோடு ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. அன்று மத்தியானம் வரை நாலாயிரம் சோப்பு ஓடியது. கீறல் ஒன்றுகூட இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் சோறு போட்டுக்கொள்ளவில்லை. நாட்காட்டியைக் கழற்றித் தரையில் போட்டு, பக்கத்தில் நீளமான காகிதம் ஒன்றை விரித்தாள். தேதியை நம்பக் கூடாது என்று இப்போது புரிந்தது. முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள் ஒன்றாம் தேதி; இரண்டும் ஒத்தைப்படை. மாதம் திரும்பும் இடத்தில் ஒத்தையும் ரெட்டையும் குழம்பிப்போகும். அதனால்தான் இத்தனை நாள் அவள் கண்ணுக்கே இது தட்டுப்படவில்லை. மாதமே இல்லாமல், தன் போன விடுமுறையிலிருந்து ஆரம்பித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நாட்களுக்கு வரிசையாக எண் போட்டாள். அவளுடைய விடுமுறை ஒன்று, ஒன்பது, பதினேழு, இருபத்தைந்து. அவருடையது நான்கு, பத்து, பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தெட்டு. பதினாறும் பதினேழும் ஒட்டிக்கொண்டு நின்றன, அந்தச் செவ்வாயும் புதனும் போல. இன்னும் நூறு வருஷம் போனாலும் அப்படி ஒட்டிக்கொண்டுதான் நிற்கும், சேராது.

கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எட்டின் மேலும் ஆறின் மேலும் எப்படிக் கோபித்துக்கொள்வது?

மறுநாள் மேற்பார்வையாளர் அம்மாவே கூப்பிட்டு அனுப்பினார். மெக்கானிக் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், தன் பெயரைக் கொஞ்சம் முன்னால் வைத்து. அம்மா பாராட்டினார், ஒழுங்கு என்று நான்கு தடவைதான் சொன்னார்.

"உனக்கு ஏதாவது வேணுமா?"

"என் விடுமுறைய ஒரு நாள் தள்ளி வைக்கணும் மேடம்."

அம்மாவின் முகம் மூடிக்கொண்டது. விடுமுறையை மாற்றிக்கொள்வது இங்கே பெருங்குற்றம். முன்பு இரண்டு பெண்கள் மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லி இரண்டு பேருமே வீட்டில் தங்கிவிட, வரிசை அரை நாள் நின்றுபோனது. அன்றிலிருந்து தடை.

"ஒரு நாள் மட்டும் மாத்தக் கேக்கல மேடம். வரிசையவே மாத்திடுங்க, நிரந்தரமா. எனக்கு அடுத்த நாள் வளையல் அக்காவுக்கு. அவங்க முன்னாடி வரட்டும், நான் பின்னாடி போறேன்."

"எந்த நாளா இருந்தா உனக்கென்ன? எட்டு நாளைக்கு ஒண்ணு எப்படியும் வருதில்ல?"

சொல்வதற்கு நாசூக்கான காரணம் ஒன்றைத் தேடினாள். அகப்படவில்லை. "வீட்டுக்காரரோட ஒரு நாள் முழுசா இருக்கணும் மேடம். இப்ப இருக்கற முறையில அது என்னிக்குமே வராது. எண்ணிப் பாத்துட்டேன்."

அம்மா பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வளையல் அக்காவைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். அக்கா மறுபடி மாட்டியிருந்த பதினான்கு வளையலும் குலுங்கக் கையை வீசினார். "எனக்கு எந்த நாளா இருந்தா என்ன மேடம்? என்னிக்கு இருந்தாலும் துணிதான் துவைக்கப் போறேன்." அம்மா எழுந்து போய்ப் பலகையில் இரண்டு பெயரை அழித்து இடம் மாற்றி எழுதினார்.

அன்று சாப்பாட்டின் மேல் ஒட்டிய சீட்டில் அவள் பாலைப் பற்றி எழுதவில்லை. எண் போட்ட காகிதத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'பத்தாம் நாள். ரெண்டு பேருக்கும். சத்தியமா,' என்று எழுதினாள். காலையில் பார்த்தால் பதில் இருந்தது: 'நாப்பத்தெட்டு என்ன ஆச்சு?' அதன் கீழே, 'சட்டை இஸ்திரி போடட்டுமா?'

அந்த நாள் வந்தது. இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினொன்றரை மணிவரை அவர் தூங்கினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து காக்கிச் சட்டையைத் தேடினார். அவள் அதை விடிந்ததுமே நனைத்துப் போட்டிருந்தாள். அப்புறம் நகரப் பேருந்தில் ஏறி, அவர் தினமும் ஓட்டும் வழியில், கடைசி நிறுத்தம் வரை சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஓட்டுகிறவனின் தப்பையெல்லாம் அவர் அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள். சீட்டில் எழுதாமல் விட்டதையெல்லாம் பேசினார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி, பேசிக்கொண்டே மாடி ஏறி, கதவுக்கு முன்னால் வந்ததும் அவள் சட்டென்று நின்றாள்.

"என்ன? சாவிய விட்டுட்டியா?"

"இல்லங்க. படிய எண்ணாம ஏறிட்டேன்."

அவர் சிரித்தார். "போகட்டும். அடுத்த தடவ எண்ணிக்கலாம். எப்ப அது, நாப்பத்தெட்டா?"

"இருபத்தி நாலு," என்றாள் அவள். "நடுவுல இருபத்தி மூணு நாள் போனா போதும்." சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காமல் அங்கேயே, முப்பத்தொன்றாம் படியில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.