சிவப்பு நூல் கட்டிய செடிகள்

பூமி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுவதற்குக் காரணம் டெல்ஃபினா குவாட்லேயின் மிளகாய்த் தோட்டம். அந்தக் கால் ஹெக்டேரில் காய்த்த பாரம் தாங்காமல்தான் உலகம் எங்கள் சான் லூகாஸ் பக்கமாகச் சரிந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு ஏதோ காரணம் சொன்னார்களாம். அந்தப் பாடம் நடந்த அன்று இதை எழுதுகிறவன் பீச் மரத்தின் மேல் இருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அதே நிலத்தைப் பார்க்கச் சகிக்காது. மழை பிடித்ததும் வாடல் நோய் வரும். காலையில் நிமிர்ந்து நின்ற செடி மாலையில் தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஊர் முழுக்க இதே கதிதான். ஊர்ச் சபை கூடி, இனிச் சொந்த விதை வேண்டாம், டவுனில் நாற்று வாங்கிக்கொள்வோம் என்றது. தலைவர் தோன் ஹிலாரியோ கையைத் தூக்கச் சொன்னார். ஒன்றைத் தவிர எல்லாக் கையும் எழுந்தது.

“என்ன கொமாத்ரே, கை வலியா?”

ஹிலாரியோ, டெல்ஃபினாவின் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவு வந்துவிட்டால் ஆணைக் கொம்பாத்ரே, பெண்ணைக் கொமாத்ரே என்று முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். திட்டினாலும் ‘நீங்க’ போட்டுத்தான் திட்ட வேண்டும்.

“கை நல்லாத்தான் இருக்கு கொம்பாத்ரே. விதை மேலயும் தப்பில்ல. நாம எடுக்கிற விதத்துலதான் தப்பு. காய வெச்ச குவியல் முன்னால உக்காந்து, இருக்கறதுலயே பெருசாப் பாத்து விதைக்கு எடுக்கறோம். அது எந்தச் செடியில காய்ச்சதுன்னு யாராவது பாத்தீங்களா? போன திருவிழாவுல பரிசு வாங்குனது என் காய். அந்தச் செடியில மொத்தமே ரெண்டு காய்தான். சாகப்போற செடி, இருந்த சத்தையெல்லாம் அந்த ரெண்டுக்கே ஊட்டிருச்சு. இத்தனை வருஷமா சோம்பேறிக்குப் பொறந்ததையே தேடிப் புடிச்சு விதைச்சிட்டிருக்கோம்.”

“அப்ப நம்ம தலைவரையும் குவியல்லருந்துதான் எடுத்தோமா?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சபை சிரித்தது. ஹிலாரியோவின் தொப்பைக்கு அது பொருத்தமான கேள்விதான்.

அவர் சிரிக்கவில்லை. “சரி கொமாத்ரே. பொது நிலத்துல கால் ஹெக்டேர் உங்க கையில இருக்கு. மூணு சாகுபடி டைம் தர்றோம். மூணாவதுல என் கால் ஹெக்டேரைவிட ஒரு பெட்டி கூட எடுத்துக் காட்டுங்க. இல்லேன்னா நிலத்தைச் சபைகிட்ட விட்டுருங்க.”

டெல்ஃபினாவுக்கு வேறு நிலம் இல்லை. ஆனாலும் சரி என்றாள்.

முதல் வருடம், சுற்றிலும் செடிகள் செத்துக் கிடக்க, நடுவில் பத்துப் பன்னிரண்டு காயோடு அசராமல் நின்ற செடிகளாகத் தேடினாள். தன் ஒரே ஸ்வெட்டரைப் பிரித்துச் சிவப்பு நூல் எடுத்து அவற்றில் கட்டினாள். அந்தக் குளிர்காலத்தை ஒற்றைக் கை ஸ்வெட்டரோடு ஓட்டினாள்.

இரண்டாம் வருடம் அந்த விதைகளை விதைத்தாள். தேனீக்கள் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று, மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது போட்ட வெள்ளை முக்காட்டை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து மொட்டுகளுக்கு மாட்டினாள். தோட்டமே கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் இருந்தது. காய் பிடித்ததும் பைகளைக் கழற்றி, தேறிய முப்பத்தோரு செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினாள்.

அக்டோபரில், ஊர்த் திருவிழா அன்று, எல்லோரும் பூசையில் இருந்த நேரம் ஒரு தறுதலை தோட்டத்துக்குள் புகுந்தான். கப்பித்தான் என்கிற அவளது நாய்க்குப் பன்றித்தோல் வறுவல் போட்டுச் சரிக்கட்டினான். நூலையெல்லாம் அவிழ்த்து அடுத்த செடிகளில் கட்டிவிட்டுப் போனான். சும்மா வேடிக்கைக்கு.

மறுநாள் விதைக்காய் பறிக்கக் கூடையோடு வந்த டெல்ஃபினா, முதல் சிவப்பு நூலின் முன் வெகுநேரம் நின்றாள். செடியில் இரண்டே காய். அப்படியே வரப்பில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பதற்காகக் காத்திருந்த தறுதலைக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அவள் எழுந்தாள். அடுத்த செடியின் அடியில் விரலால் மண்ணைக் கிளறினாள். ரொட்டி சுடும் மண்கல்லின் உடைந்த சில்லு ஒன்று வந்தது. கம்பளி நூல் என்றால் எங்கள் ஊர் ஆடுகளுக்கு உயிர். அதனால் நூல் கட்டிய அன்றே அடையாளத்துக்கு ஒவ்வொரு செடிக்கடியிலும் ஒரு சில்லைப் புதைத்து வைத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொன்றையும் கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாம் வருடம் மண்ணைக் கவனித்தாள். விவசாயக் கல்லூரிக்காரர்கள் வந்து ஊர் மண்ணையெல்லாம் சோதித்து ஆளுக்கொரு தாள் கொடுத்துப் போயிருந்தார்கள். ஹிலாரியோ அந்தத் தாளில் அடுப்புப் பற்றவைத்தார். டெல்ஃபினா மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தழைச்சத்து இருக்கிறது, சாம்பல் சத்துதான் பட்டினி என்றிருந்தது. வான்கோழி எருவை மக்கவைத்துப் போட்டாள். அடுப்புச் சாம்பலை அளவாகத் தூவினாள். கடை உரத்தை நான்காகப் பிரித்து, பெரிய பங்கைக் காய் பிடிக்கும் சமயத்தில் வைத்தாள். தண்ணீர் தேங்காதபடி பாத்தியை உயர்த்தினாள்.

ஹிலாரியோ தழைச்சத்து மட்டுமே உள்ள வெள்ளை உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினார். இலைகள் குடைபோல் விரிந்தன. பூவெல்லாம் தரையில் கிடந்தது. மழை வந்தது, பின்னாலேயே வாடலும் வந்தது.

சோள ஆலைச் சுவரில் பெட்டிக்கு ஒரு கரிக்கோடு. நான்காவது பறிப்போடு ஹிலாரியோவின் கணக்கு அறுபத்துநான்கில் நின்றுவிட்டது. டெல்ஃபினாவின் செடிகளுக்கு நிற்கும் உத்தேசமே இல்லை. அவளுடைய அறுபத்தைந்தாவது பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தது ஹிலாரியோவேதான். கடைசிக் கோடு நூற்றுப்பதினேழு.

அவர் தொப்பியைக் கழற்றினார். “கொமாத்ரே, எங்களுக்கு விதை எப்பத் தருவீங்க?”

“கையைத் தூக்கிக் கேளுங்க கொம்பாத்ரே.”

எல்லாக் கையும் எழுந்தது. அவருடையதுதான் முதலில்.

இதையெல்லாம் எழுதி முடித்து டெல்ஃபினாவிடம் படித்துக் காட்டினான் எழுதியவன். விதை உதிர்த்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

“உலகம் சாய்ஞ்சதெல்லாம் இருக்கட்டும்டா. நாய் ஏன் குரைக்கலைன்னு நான் ஒரு வருஷமா மண்டையை உடைச்சிட்டிருக்கேன். அதுக்குப் பன்றித்தோல் வறுவல் போட்ட விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?”

கப்பித்தான் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, எழுதியவனின் சட்டைப் பையை மோந்து பார்த்தது.