காப்புக் கட்டிய ராஜா

பாஞ்சாலைக்கு ராணி வேஷம் கிடைத்தது அழகுக்காக இல்லை, தொண்டைக்காக. தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் நிற்பவர்கள் யாரும் மெதுவாகப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. சல்லடை மெஷின் போடுகிற சத்தத்தில் ‘தண்ணி குடு’ என்பதையே சண்டைக்குக் கூப்பிடுகிற தோரணையில்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த அறையில் நின்றவள் அவள். வீட்டில் புருஷனிடம் கொஞ்சிப் பேசினால்கூடப் பக்கத்து லயன் வீட்டிலிருந்து விலக்கிவிட ஆள் வந்துவிடும்.

அந்தத் தொண்டைக்குள்தான் இப்போது தூள் குடியேறியிருந்தது. காலையில் எழுந்தால் இருமல், படுத்தால் இருமல், நடுவில் மூச்சு ஒரு பழைய லோரி மாதிரி மேட்டில் ஏறத் திணறியது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தூசியை விட்டு வெளியே வந்துவிடு என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்தால் எங்கே போவது? மலைச்சரிவில் கொழுந்து வெட்டப் போக முழங்கால் ஒத்துக்கொள்ளாது. மிச்சமிருந்தது ஒரே இடம்தான். பேக்டரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகப் புதிதாகக் கண்ணாடி போட்ட நடைபாதை கட்டியிருந்தார்கள். தூசியெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நின்று, இலை எப்படித் தூளாகிறது என்று இங்கிலீஷில் சொல்ல ஆள் வேண்டும்.

மேனேஜர் மகேஸ்வரன் அதற்கு ஒரு வழி சொன்னார். அவரைத் தோட்டத்தில் எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்பார். யாராவது கூப்பிடாமல் விட்டால் அன்றைக்கு முழுதும் முகம் சரியிருக்காது. “ஞாயித்துக்கெழம இங்கிலீஷ் வகுப்புல நாடகம் போடப் போறீங்களாம்ல. நான் வந்து பாக்கறேன். யாரு பயப்படாம பேசறாங்களோ, அவங்களுக்குத்தான் அந்த வேல.”

வகுப்பு நடப்பது தோட்டத்து டேவானில். கல்யாணம், கருமாதி, தேர்தல் பிரச்சாரம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மண்டபம். நடத்துகிறவள் பவுலின், டவுனில் பள்ளிக்கூட டீச்சர், ஞாயிறு தோறும் சர்ச் ஆராதனை முடிந்து நேராகக் காரில் வந்து இறங்குவாள். முதலில் ‘வழி கேட்பது எப்படி’, ‘விலை கேட்பது எப்படி’ என்றுதான் ஆரம்பித்தாள். அத்தனையும் வகுப்பு கலைந்து தே தண்ணி குடிப்பதற்குள் எல்லோருக்கும் மறந்துபோனது. சின்ன வாக்கியம் வாயில் தங்காது, பெரிய வாக்கியம்தான் தங்கும் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு நாடகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கதை இதுதான். ஒரு ராஜா மந்திரியின் கோள்மூட்டலை நம்பி ராணியை மழையில் வெளியே துரத்துகிறான். பிறகு உண்மை தெரிகிறது. ராணி திரும்பி வரும்போது ராஜா செத்துக் கிடக்கிறான். அவன் பிணத்தின் மேல் விழுந்து ராணி பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைப் படிக்கும்போது பவுலினுக்கே குரல் உடைந்தது. வகுப்புக்கு உடையவில்லை.

“பொண்டாட்டியத் தொரத்திட்டானே, அவனுக்கு யாரு டீச்சர் சோறாக்குனா?” என்று மாரியம்மா கேட்டாள். மந்திரி வேஷம் அவளுக்குத்தான். கண்மையில் மீசை வரைந்து ஒத்திகை பார்த்த நாளிலிருந்து மீசையைத் தடவிக்கொண்டேதான் பேசினாள்.

“அரண்மனைல சமையல்காரங்க இருப்பாங்கக்கா.”

“அதான் தொரத்தறான்.”

ராஜாவாக நடித்தவன் தங்கையா, பாஞ்சாலையின் புருஷன் செல்லையாவுக்குத் தம்பி. மலைமேல் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குகிற லோரி டிரைவர். ஆள் உயரம், மார்பு அகலம், ராஜா என்றால் நம்பலாம். கொழுந்தனே புருஷனாக நடிப்பதை வைத்து லயன் வீடுகளில் ஒரு மாதம் கேலி ஓடியது. செல்லையா மட்டும் கண்டுகொள்ளவில்லை. “பொணமாத்தான வர்றான். பொணத்துக்கு என்ன மொற,” என்றுவிட்டார்.

பாஞ்சாலை அந்தக் கடைசிப் பேச்சை முழுசாக மனப்பாடம் செய்தாள். ‘உன் கண் மூடியிருக்கிறது, உன் கை குளிர்ந்திருக்கிறது, இனி யாரிடம் நான் கோபிப்பேன்’ என்று போகும் அது. ஒரு சொல் பிசகாது. ஆனால் பேச்சுக்கு வெளியே ஒரு அடி வைத்தால் குழிதான். ஒரு நாள் பேக்டரி வாசலில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கழிவறை எங்கே என்று கேட்டாள். ராஜாவின் சாவைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரிந்த ராணி வாயைத் திறக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

“மேனேஜர் அந்தப் பேச்சக் கேட்டாப் போதும்க்கா, வேல ஒங்களுக்குத்தான்,” என்று பவுலின் தைரியம் சொன்னாள். பாஞ்சாலையும் அதை நம்பித்தான் இருமலை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நாடகத்துக்குத் தேதி குறித்தது மேனேஜர். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வருகிற ஞாயிறாகப் பார்த்துக் குறித்தார். அவருக்குத் தெரிந்த காலண்டரில் அன்று ஒன்றுமில்லை. பவுலினுக்குத் தெரிந்த காலண்டரிலும் ஒன்றுமில்லை. மாரியம்மன் கோயில் கொடியேற்றத்துக்கு மறுவாரம் அது என்பது தோட்டத்துச் சனம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திருவிழா வேறு, இங்கிலீஷ் வேறு என்று நினைத்துவிட்டார்கள். தீ மிதிக்க நேர்ந்துகொண்டிருந்த தங்கையா அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து, மஞ்சள் துணி கட்டி, கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டியவன் கவுச்சி தொடக்கூடாது, எழவு வீட்டுப் பக்கம் தலைவைக்கக்கூடாது. பிணமாகப் படுக்கலாமா என்று அவனும் யோசிக்கவில்லை, மற்றவர்களும் யோசிக்கவில்லை.

ஞாயிறன்று டேவான் நிறைந்திருந்தது. முன் வரிசையில் மேனேஜரும் கம்பெனிக்காரர்கள் இருவரும். ஒருவர் சீனர், இன்னொருத்தி வெள்ளைக்காரி. மந்திரி கோள் சொன்னது நன்றாகப் போனது. மாரியம்மாவின் மீசைக்குத் தனியாகக் கைதட்டல். ராணியைத் துரத்தியதும் நன்றாகப் போனது. பாஞ்சாலை திரை ஓரத்தில் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ராஜா நெஞ்சைப் பிடித்தான். தள்ளாடினான். கட்டிலை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். ஜரிகைச் சால்வை நழுவி மஞ்சள் கயிறு அவன் கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டான்.

பவுலின் மறுபக்கத் திரையிலிருந்து கையால் ‘படு, படு’ என்று சைகை காட்டினாள். ராஜா தலையை ஆட்டி மறுத்தான். வேறு வழியில்லாமல் பாஞ்சாலை மேடைக்கு வந்தாள்.

“செத்துத் தொலடா,” என்றாள் பல்லுக்கு நடுவில்.

“முடியாது அண்ணி. காப்பு.”

அவள் அப்போதுதான் கையைப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து செல்லம்மாக் கிழவி எழுந்து, “காப்புக் கட்டுன புள்ளயப் படுக்கச் சொல்லாதீங்கடி. ஆத்தா பாத்துக்கிட்டு இருக்கா,” என்றாள். சபையே ஆமாம் போட்டது. சாமி விஷயத்தில் அந்தத் தோட்டத்தில் ஓட்டெடுப்பு எப்போதும் ஒரு பக்கமாகத்தான் விழும்.

பாஞ்சாலை பேச்சைத் தொடங்கினாள். உன் கண் மூடியிருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். தங்கையா திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான். சபை சிரித்தது. உன் கை குளிர்ந்திருக்கிறது என்றாள். அவன் அந்தக் கையால் மூக்கைச் சொறிந்தான். மூன்றாவது வரி வரவில்லை. பிணம் இருந்தால்தானே பிணத்தின் மேல் பேச முடியும். முன் வரிசையில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. நாளைக் காலை ஆறு மணிக்குச் சல்லடை முன்னால் நிற்கப்போவதும் தெரிந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் கையில் கிடைத்த இங்கிலீஷை எடுத்துக்கொண்டு வந்தது.

“யூ கிங்,” என்றாள். டேவானின் தகரக் கூரை அதிர்ந்தது. “யூ சே ஐ பேட் வுமன். யூ சென்ட் மீ அவுட். இன் த ரெயின். நவ் ஐ கம் பேக், யூ ஸ்டில் ஸ்டேண்டிங். வை யூ நோட் டை?”

தங்கையா திணறினான். லோரிக்காரனுக்கும் வகுப்பில் கொஞ்சம் ஏறியிருந்தது. “நெக்ஸ்ட் வீக் டெம்பிள், மை லேடி.”

“டெம்பிள் இஸ் நெக்ஸ்ட் வீக். மை லைஃப் இஸ் டுடே லா.”

சிரிப்பு நின்றது. அவள் நிறுத்தவில்லை. மழையில் எவ்வளவு தூரம் நடந்தாள், கால் எப்படி வீங்கியது, ஒரு லோரிக்காரனும் நிறுத்தவில்லை, உன் மந்திரிக்கு மீசை மட்டும்தான் இருக்கிறது மூளை இல்லை என்றெல்லாம் கொட்டித் தீர்த்தாள். வினைச்சொல்லெல்லாம் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்தது. ஆனாலும் வந்தது. நடுவில் ஒரு இருமல் வந்தது. “சீ, ஐ ஆல்சோ சிக், பிகாஸ் ஆஃப் யூ,” என்று அதையும் ராஜாவின் கணக்கிலேயே எழுதிவிட்டாள். வெள்ளைக்காரி கைக்குட்டையை எடுத்தாள்.

தங்கையாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காப்புக் கட்டியவன் விழுந்து கும்பிடலாம், அதில் தோஷமில்லை. அண்ணி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான்.

“சாரி, மை லேடி.”

“கெட் அப்,” என்றாள் ராணி. கொஞ்சம் யோசித்தாள். “யூ ஈட் ஆல்ரெடி?”

“ஒன்லி வெஜிடேரியன்.”

பவுலின் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

உள்ளே அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்திருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் பிடிபடவில்லை. “நானூறு வருஷமா செத்துக்கிட்டு இருந்த மனுசன்க்கா,” என்றாள் கடைசியில். “நம்ம டேவான்லதான் பொழச்சுக்கிட்டான்.”

மேனேஜர் உள்ளே வந்தார். பாஞ்சாலை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தம்மா கேக்கறாங்க, நாடகத்துல நெசமாவே இப்பிடித்தான் வருமான்னு.”

“இல்ல தொர. ராஜா சாவணும். எனக்கு எழுதிக் குடுத்த பேச்சு வேற.”

“அப்ப இது?”

“வாயில வந்தது.”

அவர் தலையைச் சொறிந்தார். “வர்ற வாரத்துலேருந்து கண்ணாடிப் பக்கம் வந்து நில்லு. மூணு மாசம் பாப்போம். ஆனா ஒண்ணு. வர்ற டூரிஸ்டுங்கள வையக்கூடாது.”

“அவங்க சும்மா இருந்தா நானும் சும்மா இருப்பேன்,” என்றாள் பாஞ்சாலை. பிறகு அவசரமாக, “தொர,” என்று சேர்த்துக்கொண்டாள்.

திருவிழா முடிந்தது. தங்கையா தீ மிதித்தான், காப்பை அவிழ்த்தான், அன்றைக்கே கோழி தின்றான். பவுலின் விடுகிற ஆள் இல்லை. ஒரு தடவையாவது அந்தக் கடைசிப் பேச்சை யாராவது பிணத்தின் மேல் சொல்லிக் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அடுத்த ஞாயிறு வகுப்பில் மறுபடி போடுவதென்று முடிவானது.

பாஞ்சாலை அந்த ஞாயிறு கண்ணாடி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். சிங்கப்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். இலை வாடுவது, உருள்வது, சிவப்பது எல்லாம் சொல்லி முடித்துச் சலிக்கிற அறைக்கு நேராக வந்திருந்தாள். அவள் முன்பு நின்ற இடத்தில் இப்போது வேறொருத்தி முகமூடி கட்டிக்கொண்டு நின்றாள். அப்போது கைபேசி அடித்தது.

“அண்ணி,” என்றான் தங்கையா, “டேவான்ல நான் செத்துக் கெடக்கறேன். டீச்சர் போர்வையெல்லாம் போத்தி விட்டாச்சு. நீ எங்க?”

“டூட்டில.”

“ஞாயித்துக்கெழமயா?”

“ஞாயித்துக்கெழமதான்டா டூரிஸ்டு வருவான். அஞ்சு மணிக்கு முடியும். அதுவரைக்கும் அப்படியே கெட.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “சாரி,” என்றாள், பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கிற குரலில். “மை ஹஸ்பண்ட் பிரதர். டெட் ஆல்ரெடி. நெவர் மைண்ட். கம், கம், திஸ் சைடு.”