தஸ்தர்கானில் விழுந்த கறுப்பு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் பின்சுவரை ஒட்டிப் போகும் சந்தில் குடியிருந்த தனபாக்கியத்துக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பத் தெரியாது. தையல் கற்றுக்கொண்டதே அப்படித்தான். ஒடுகத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், புருஷன் ஜம்புலிங்கத்தின் பழைய சட்டை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். காலர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, கைக்குழியில் துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் திரும்பத் தைத்தாள். சரியாக வரவில்லை. மறுபடி பிரித்தாள். அந்தச் சட்டை நைந்து கந்தலாவதற்குள் தையல் அவள் கைக்கு வந்துவிட்டது.

பிறகு கைமெஷின் ஒன்று வாங்கினாள். குடியாத்தத்துத் தறிகளில் மிஞ்சும் லுங்கித் துண்டுகளை வாங்கிவந்து தலையணை உறை தைப்பாள். நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, நடுவில் கிழிசல் இல்லாத சேலை வரும்படி அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைகளுக்குப் போர்வை செய்வாள். பழைய கால்சட்டையின் முழங்காலுக்குக் கீழே நல்லபடியாக இருக்கும் துணியில் கடைப்பை வரும். எதையும் வீணாக்க மாட்டாள், யாரையும் நம்பவும் மாட்டாள். கடை மல்லித்தூளில் குதிரைச் சாணி கலக்கிறார்கள் என்று வீட்டிலேயே இடித்துக்கொள்வாள். நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்காமல் கிண்ணத்தை நீட்ட மாட்டாள். நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், அந்தப் புதுக் காசு செல்லாமல் போய்விடும் என்று ஆறு மாதம் வரைக்கும் பழைய அணாவாகத்தான் கேட்டாள்.

அவள் நடையேறி உட்கார விட்ட ஒரே ஆள் அடுத்த வீட்டுச் சௌந்தரம். சின்னப் பெண். புருஷன் ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வந்து போவான். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுத் தனபாக்கியத்தோடு உட்கார்ந்து ஓரம் மடித்துத் தைப்பாள். தையல் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக, ஒரே அளவில் விழும். அதில் தனபாக்கியம்கூடக் குறை சொன்னதில்லை.

அந்த வருஷம்தான் ஜஹீதாவின் வீட்டிலிருந்து வேலை வந்தது. ஜஹீதா தோல் தரகர் சர்தார் பாஷாவின் மனைவி. மகள் குர்ஷித்துக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதற்குத் தரையில் விரிக்கும் நீளமான வெள்ளைத் துணி, அதைத் தஸ்தர்கான் என்பார்கள், ஒன்று புதிதாகத் தைக்க வேண்டும்.

"ஓரம் பூரா கையாலதான் மடிக்கணும், தனபாக்கியம்," என்றாள் ஜஹீதா. "மெஷின் ஓட்டினா நம்ம சம்பந்தி கண்டுபுடிச்சிடுவாங்க. மேல கறி வுழுந்தா அது விருந்து. அதுக்கு முந்தி ஒரு பொட்டு கறை இருந்தா, பொண்ணு வளத்த லட்சணம்னு பேசுவாங்க."

"ஒரு பொட்டு இருக்காது, பாயம்மா."

"நல்லா வந்துச்சின்னா கல்யாணத்துக்கு மெத்தை, போத்திக்கற ரஜாய், பொண்ணோட துணி எல்லாம் உன்கிட்டதான். இல்லன்னா வேலூர்லருந்து ஆளு வரவழைக்கிறேன்னு அவரு நிக்கிறாரு."

தனபாக்கியம் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புதுத் துணியை நனைக்காமல் அவள் கத்தரி வைக்க மாட்டாள், பின்னால் சுருங்கும் என்று. இது பித்தளை அண்டாவில் அடங்கவில்லை. ஜம்புலிங்கம் அந்த மாதம் தான் வேலை பார்க்கும் ஷாப்பில் கழித்துப்போட்ட பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து கொல்லையில் தொட்டியாக வைத்திருந்தான். அதில் தண்ணீர் நிரப்பித் துணியை ஊறப்போட்டாள். பிழிந்து உதறி, ஈரம் பாதி போனதும் எடுத்தாள். அரை ஈரத்தில் மடிப்பை நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் அப்படியே நிற்கும், இஸ்திரிப் பெட்டி தேவையில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளாகக் கண்டுபிடித்தது.

ஆளுக்கு ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஊசி குத்தாமலிருக்கத் தனபாக்கியம் தன் பித்தளை அங்குஸ்தானை விரல்நுனியில் மாட்டிக்கொண்டாள். சௌந்தரத்தின் அங்குஸ்தான் புதிது. ஷெட்டில் ஒரு ஃபிட்டர் இரும்பில் கடைந்து கொடுத்ததென்று புருஷன் கொண்டுவந்திருந்தான்.

"இன்னாடி இது, இஞ்சினுக்குப் போடற மாதிரி இருக்குது?"

"சிரிக்காத அக்கா. ஊசி எவ்ளோ அழுத்தினாலும் ஏறமாட்டேங்குது பாரு. ஒன்னுது ஓட்ட வுழுந்து கெடக்குது."

பொழுது சாயும்வரை தைத்தார்கள். சௌந்தரம் அங்குஸ்தானை ஊசிப் பெட்டியில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

காலையில் துணியை விரித்த தனபாக்கியம் அப்படியே நின்றுவிட்டாள். ஓரத்தில் கறுப்பு. மைக்கூட்டில் விரலை முக்கி வைத்ததுபோல, விரல்நுனி அளவில், நீலம் கலந்த கறுப்புப் பொட்டுகள். அவள் தைத்த பாதி வெள்ளையாக இருந்தது. சௌந்தரம் தைத்த பாதியில் மட்டும், எங்கெல்லாம் அவள் விரல் அழுத்தியதோ அங்கெல்லாம் வரிசையாக விழுந்திருந்தது.

முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாசம் இல்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். கரி இல்லை. சோப்பு போட்டுக் கசக்கினாள். கறுப்பு இன்னும் ஏறியது. சோப்புக்குக் கரையாமல், சோப்பு பட்டதும் கறுக்கிற கறை எது?

மை. மந்திரித்து வைத்த மை.

அந்தச் சொல் மனசில் வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. போன வாரம் ஜஹீதா வீட்டுப் பின்வாசலிலிருந்து சௌந்தரம் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாளே. ரெண்டு தடவை. எதற்கு? "கைமெஷின் இன்னா வெலை ஆவும் அக்கா?" என்று ஏன் கேட்டாள்? தஸ்தர்கான் கெட்டால் யாருக்கு லாபம்? கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதிலாக இருந்தது: கல்யாண வேலையைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறாள் சௌந்தரம்.

சௌந்தரம் வழக்கம்போல் வந்தாள்.

"இன்னிக்கி வேலை இல்ல."

"இன்னாக்கா, பாதி ஓரம் அப்படியே கெடக்குதே?"

"நான் பாத்துக்கறேன்."

"ஒடம்பு சரியில்லியா? கஷாயம் வெக்கட்டா?"

கஷாயம் என்றதும் தனபாக்கியத்துக்கு இன்னும் பயம் வந்தது. "ஒன்னும் வேணாம், போ," என்று கதவைச் சாத்தினாள். சௌந்தரம் கொஞ்சநேரம் வெளியே நின்றிருந்தது கதவிடுக்கில் தெரிந்தது.

பெட்டியிலிருந்த இரும்பு அங்குஸ்தானை இரண்டு விரலால் எடுத்தாள். அதை மந்திரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்கவேண்டும் என்று எண்ணம். வெறுங்கையில் கொண்டுபோகப் பயமாக இருந்தது. தஸ்தர்கானிலிருந்து வெட்டிய விளிம்புத்துண்டு ஒன்று தொட்டித் தண்ணீரில் கிடந்தது. அதைப் பிழிந்து அதில் அங்குஸ்தானைச் சுருட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, தஸ்தர்கானை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு ஜஹீதாவிடம் போனாள்.

ஜஹீதா துணியை வாங்கிப் பார்த்தாள். "யா அல்லா, இது இன்னா?"

"நான் பண்ணல, பாயம்மா. எங்கூட ஒக்காந்து தச்சாளே சௌந்தரம், அவ வெச்ச மை இது. அவ கை பட்ட எடத்துல மட்டும்தான் இருக்குது, பாருங்க."

"கண்ணால பாத்தியா?"

"பாக்கணுமா? ஒங்க வூட்டுப் பின்வாசல்ல அவளுக்கு இன்னா வேலை?"

"கொழந்தைக்கு இருமல்னு ஆட்டுப்பால் கேட்டா. நான்தான் குடுத்தேன்."

"பாலை எதுக்கு முந்தானைல மறைக்கணும்?"

ஜஹீதா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஈ மொய்க்கும்னு மூடிக்கினு போயிருப்பா. நீ பேஜார் பண்ணாத, தனபாக்கியம். யாரு பண்ணாங்கறது எனக்கு அப்பறம். வெள்ளிக்கெழமை எனக்கு வெள்ளைத் துணி வேணும்."

பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் அதைக் கவனித்தாள், கவலைப்படவில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லதென்றே அப்போது நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த சுருட்டலை எடுத்துப் பிரித்தாள்.

விளிம்புத்துண்டில் வட்டமாகக் கறுப்பு. அங்குஸ்தானின் வாய் பட்ட இடத்தில் வளையம், அதன் முதுகு பட்ட இடத்தில் புள்ளிகள். அதே நீலக் கறுப்பு.

வீடு பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. சௌந்தரம் வாசற்படி ஏறவில்லை. சுருட்டி வைத்தது தன் கை. முதல்தடவையாகத் தனபாக்கியத்தின் சந்தேகத்துக்குப் போய் உட்கார ஓர் ஆள் கிடைக்கவில்லை.

சட்டையைப் பிரித்த அதே புத்திதான் இப்போதும் வேலை செய்தது. துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தாள். தொட்டித் தண்ணீரில் நனைத்த துண்டின்மேல் ஒரு பக்கம் ஆணி வைத்தாள், மறுபக்கம் தன் பித்தளை அங்குஸ்தான். குடத்துத் தண்ணீரில் நனைத்த இன்னொரு துண்டின்மேலும் ஓர் ஆணி. அடுப்பைக்கூட மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சுவரை விட்டு இறங்கியபோது எடுத்துப் பார்த்தாள். பித்தளைக்குக் கீழே வெள்ளை. குடத்துத் தண்ணீர்த் துண்டு வெள்ளை. தொட்டித் தண்ணீரும் ஆணியும் சேர்ந்த இடத்தில் மட்டும் கறுப்பு.

ஜம்புலிங்கம் வேலை விட்டு வந்ததும் துண்டுகளை அவன் முன்னால் போட்டாள். அவன் பார்த்தவுடன் சிரித்தான்.

"அந்தத் தொட்டியிலியா துணி நனைச்ச? தோல் பதம் போடற ஆவாரம் பட்டைத் தண்ணி வருஷக்கணக்கா ஊறின பீப்பா அது. நான் தேச்சிதான் கழுவினேன், பலகைக்குள்ள எறங்கினது போவுமா? பட்டைத் தண்ணி பட்ட ஈரத்துல இரும்பு பட்டா கறுக்கத்தான் செய்யும். ஷாப்புல ஈரத்தோல் மேல ஒரு ஆணி வெச்சிப் பாரு, மேஸ்திரி நம்ம தோலை உரிச்சிடுவாரு."

"இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"ஊரே சொல்லுமே இத. தண்ணி புடிச்சி வெக்கக் கொண்டாந்தேன். நீ கல்யாணத் துணிய ஊறப்போடுவன்னு நான் கண்டனா?"

"இது போவுமா?"

"சோப்பு போட்டா ஜாஸ்தி ஆவும். எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வெச்சித் தேச்சி, வெயில்ல போடு."

விடிந்ததும் அப்படியே செய்தாள். குடத்துத் தண்ணீரில் துணியை முழுக்க அலசி, ஒவ்வொரு பொட்டின்மேலும் உப்பு வைத்து எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்தாள். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மஞ்சளாகி, வெயிலில் கரைந்தது. இழை நொந்துவிடக் கூடாதென்று உடனே நல்ல தண்ணீரில் மறுபடியும் அலசினாள். துணி வெள்ளையாக வந்தது. மீதி ஓரமும் இருந்தது, நாளைக்கு வெள்ளிக்கிழமை. தனியாக முடிக்க முடியாது.

அங்குஸ்தானைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சௌந்தரம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சௌந்தரம்…"

"மை வெக்கறவ வூட்டுக்கு எதுக்குக்கா வந்த?"

"அது அந்தத் தொட்டித் தண்ணியால வந்ததுடி. இரும்பும் அதுவும் சேந்தா கறுக்குமாம். ஒம்மேல தப்பு இல்ல."

"எம்மேல தப்பு இல்லன்னு எனக்கு முந்தாநேத்தே தெரியும். ஒனக்கு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

தனபாக்கியம் அங்குஸ்தானை நீட்டினாள். சௌந்தரம் வாங்கிக்கொள்ளவில்லை.

"கொழா தண்ணிக்கிப் போனா நவுந்து நிக்கிறாளுங்க. எங்கொடம் பட்டா தோஷம்னு ஒருத்தி சொல்றா. கொழந்தைக்கு இனிமே பால் கேக்க எந்த மூஞ்சோட போவேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? கேக்காம பாயம்மாகிட்ட போய்ட்ட."

"புத்தி அப்படி ஓடிச்சி."

"அங்க சொன்னத அங்கியே வந்து சொல்லு. அந்தப் பாத்திரம் தேய்க்கறவளும் இருக்கணும். அப்பறம் ஓரம் தைக்கறேன்."

வாழ்நாளில் தனபாக்கியம் யாரிடமும் போய்த் தான் நினைத்தது தப்பு என்று சொன்னதில்லை. ஆனாலும் துணியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். சௌந்தரமும் கூடவே நடந்தாள்.

ஜஹீதாவின் சமையற்கட்டு வாசலில் நின்று சொன்னாள், பாத்திரம் துலக்குகிறவளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். தொட்டி, பட்டைத் தண்ணீர், இரும்பு, ஆணி வைத்துப் பார்த்தது எல்லாம். "இவ ஒன்னும் பண்ணல. தொட்டியும் என்னுது, ஈரத்துல தைக்கச் சொன்னதும் நான்தான்."

ஜஹீதா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சௌந்தரத்தைப் பார்த்து, "கொழந்தை இருமல் எப்படி இருக்குது? ரெண்டு நாளா வரலியே நீ?" என்று கேட்டு, உள்ளே போய்ச் செம்பில் பால் கொண்டுவந்து கொடுத்தாள். சௌந்தரம் அதை மூடாமல் கையில் ஏந்திக்கொண்டு தெருவழியே வந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தஸ்தர்கான் முடிந்தது. நிக்காஹ் வேலை முழுவதும் அவர்களுக்கே வந்தது. மெத்தை, ரஜாய், குர்ஷித்தின் உடுப்புகள் எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்துதான் தைத்தார்கள். பீப்பாய்த் தொட்டியை ஜம்புலிங்கம் உடைத்து விறகாக்கிவிட்டான்.

ஆனால் சௌந்தரம் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு வேலை முடிந்ததும் துணியைத் தனபாக்கியத்தின் முன்னால் முழுசாக விரிப்பாள். மேல்பக்கம் காட்டுவாள், திருப்பி அடிப்பக்கம் காட்டுவாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவாள்.

"பாத்துக்க அக்கா. அப்பறம் எடுத்து வெய்யி."

"ஐயோ, நான் பாக்கலடி, மடிச்சி வெய்யி."

"இல்ல, பாரு."

கோபமாகச் சொல்ல மாட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். தனபாக்கியம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஓரம் ஓரமாக, முழுத் துணியையும் பார்த்து முடிக்கும்வரை சௌந்தரம் கையை மடக்க மாட்டாள். தனபாக்கியமும் ஒவ்வொரு தடவையும் பார்த்தாள்.