ஒரே மையில் இருபத்து நான்கு டிக்

கணினி அறைப் பொறுப்பாளருக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர் ‘சல்லடை’. ஒரு வார வருகைப்பதிவை ஒரே நாளில் போட்ட காவலாளியை, ஏழு கையெழுத்தும் ஒரே மையில் ஒரே சாய்வில் இருந்ததைக் கொண்டே பிடித்தவர். மனைவி தேநீரில் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டால்கூட, இவள் எதற்கு அடி போடுகிறாள் என்றுதான் யோசிப்பார்.

அவருடைய அறையில் பதினாறு செயலிகள், அதாவது பிராசசர்கள், கொண்ட கணினி ஒன்று இருந்தது. ஆய்வு மாணவி எழுதிய சதுரங்க நிரல் அதில் ஓடியது. ஓர் ஆட்டநிலையை ஒரு செயலி தனியாக ஆராய எவ்வளவு நேரம், பதினாறும் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? ஒரு மாதமாக, நாளுக்கு ஒன்றாக, இருபத்து நான்கு நிலைகளை ஓட்டிக் குறித்துக் கொடுத்தவர் அவர்தான். அவள் வகுத்துப் பார்த்து, பத்தொன்பது மடங்கு வேகம் என்று ஆய்வேட்டில் எழுதினாள்.

போட்டி ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பதினாறு பேர் சேர்ந்து பத்தொன்பது பேர் வேலையை முடித்த அதிசயத்தை நேரில் காண ஆசையாம். பட்டம் வழங்கும் குழு உஷாரானது. அளவுகள் முறைப்படி எடுத்தவைதான் என்று வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பாளர் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை.

“நான் அப்பவே நெனச்சேன். பொண்ணு நம்பர்ல கை வெச்சிருக்கா,” என்றார் மனைவியிடம்.

“அப்பவே சொல்றதுதானே?”

“ஆதாரம் வேணாமா?”

“என்னைச் சந்தேகப்படறப்ப எந்த ஆதாரத்தைத் தேடினீங்க?”

மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினார். அந்த நிரல் தான் ஆராய்ந்ததையெல்லாம் நினைவகத்தில் எழுதிவைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அதைத் துடைக்காவிட்டால், முந்தைய ஓட்டத்தின் விடையைப் பார்த்துக் காப்பியடிக்கும். துடைக்கப் பத்து நிமிடம் ஆகும். இந்த முறை பக்கத்திலேயே நின்று துடைத்தார். பதினொரு மடங்குதான் வந்தது. பரம திருப்தியோடு மாணவியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“பாரும்மா, பதினொண்ணு!”

அவள் முகம் வெளுத்தது. “நீங்க குடுத்த நேரத்தைத்தான் சார் வகுத்தேன். அப்ப நினைவகத்தைத் துடைச்சீங்கதானே?”

“என்னையா கேக்கற? பதிவேட்டைப் பாரு!”

அவரே பிரித்தார். ‘துடைத்தது’ என்ற கட்டத்தில் இருபத்து நான்கு டிக். நேரங்கள் நாளுக்கொரு பேனாவில் இருந்தன. டிக்குகள் மட்டும் ஒரே மையில், ஒரே சாய்வில். காவலாளியின் நினைவு வந்தது. பத்து நிமிடத்துக்குப் பொறுமையில்லாமல், ஒற்றைச் செயலி முடித்த சூட்டோடு பதினாறையும் முடுக்கிவிட்டதும், மாதக் கடைசியில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பியதும் அதன் பின்னாலேயே வந்தன.

அவள் வாய் திறக்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“ஏம்மா பேசாம இருக்க?”

“நீங்களே பிடிச்சிடுவீங்கன்னுதான் சார்.”

தாளை எடுத்து எழுதினார்: துடைக்காதவன் நான்; டிக் போட்டவனும் நான்; சரியான அளவு பதினொன்று; மாணவிக்கு இதில் பங்கில்லை. கையெழுத்திட்டு நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. புதிய ஓட்டங்களின் பக்கத்தைத் திருப்பி, பதிவேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

“என்னத்தப் பாக்கற?”

“மை, சார்.”

இத்தனை வருடத்தில், அந்தக் கூடத்தில் ஒருவர்மேல் அவருக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.