கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் வேலை

இங்கே பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் வெளியே ஓடுவதில்லை. தரையில் விழுந்து புரள்கிறார்கள். கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் இது. குளிர்காலத்தில் வெளியே போய் விளையாட வேண்டுமென்றால் முதலில் பஞ்சு வைத்துத் தைத்த ஸ்னோ பேன்ட், பிறகு பூட்ஸ், அப்புறம் ஜாக்கெட், தொப்பி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கையுறை. வரிசை தப்பினால் வேலை நடக்காது. வந்த புதிதில் நான் கையுறையை முதலில் மாட்டிக்கொண்டு, பூட்ஸை இழுத்துவிட முடியாமல் தத்தளித்தேன். ஆறு வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உடுத்தப் பழக்குவதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள் என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிகளில் வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கையும் உடம்பும் சொன்னபடி கேட்காத பிள்ளைகளை எழுத, சாப்பிட, பொத்தான் போட, தங்கள் அன்றாடக் காரியங்களைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்குவது என் தொழில். அப்பா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். அவருடைய நண்பர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "அதாவது டாக்டரா, டீச்சரா?" என்பார்கள். ரெண்டும் இல்லை என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடும்.

இங்கே எனக்குக் கிடைத்தது ஓராண்டு ஒப்பந்தம். ஆண்டு முடிவில் மேற்பார்வையாளர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஆண்டு என் பொறுப்பில் வந்தவள் கிளாரா. ஆறு வயது. அவள் கைகளுக்கு எது முதலில், எது பிறகு என்பது பிடிபடாது. மற்றவர்கள் உடுத்திக்கொண்டு ஓடிவிட, இவள் ஒரு காலில் பேன்ட்டோடு உட்கார்ந்திருப்பாள். உடுத்தி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பனியில் உருள்வதை அவள் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் நான் உடுத்திவிட்டேன். தினமும். காலைத் தூக்கு, கையை நீட்டு, சரக்கென்று ஜிப். நாலே நிமிடத்தில் கிளாரா வெளியே. அவள் சிரிப்பைப் பார்த்து எனக்கும் பூரிப்பு. 'கிளாரா ஒவ்வொரு நாளும் வெளியே விளையாடப் போகிறாள்' என்று அறிக்கையும் எழுதிவைத்தேன். அது பொய்யில்லை.

பிப்ரவரியில் மேற்பார்வையாளர் மார்கரெட் வந்தார். அறுபதை நெருங்கும், அதிகம் பேசாத பெண்மணி. ஒரு மூலையில் நின்று பார்த்தார். கிளாரா வெளியே போனதும், "நீங்கள் மிகவும் வேகம்" என்றார். நான் வாயெல்லாம் பல்லாக நன்றி சொன்னேன். அவர் கண்ணாடிக் கதவு வழியே கிளாராவைப் பார்த்தார். பிறகு, "கிளாரா எவ்வளவு வேகம்?" என்று கேட்டார். பாராட்டு என்று நினைத்தது பாராட்டில்லை என்று புரிய எனக்கு ஒரு முழு நிமிடம் ஆனது. ஆறு வாரம் கழித்து வருவதாகவும், அன்றைக்குப் பார்ப்பதைத்தான் எழுதப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி, அவமானம் பாதி. ஏனென்றால் இதே தப்புக்காக நான் ஒரு தாயைத் திட்டியிருக்கிறேன்.

என் முதல் வேலை கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சின்னப் பள்ளியில். எனக்கு முன்னால் அங்கே இப்படி ஒரு வேலையே இருந்ததில்லை. உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். கணக்கு டீச்சர் லீவு போட்டால் என்னை வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துத் திருவிடந்தைப் பக்கம் இன்னொரு பள்ளிக்கும் போவேன். படிப்பு முடித்த சூடு ஆறாத காலம். புத்தகத்தில் இருந்ததெல்லாம் எனக்கு வேதவாக்கு.

அங்கே நஸ்ரின் என்று எட்டு வயதுப் பெண். பிறவியிலேயே கைகளில் இறுக்கம். அவளுடைய அம்மா ஜரினா, கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரின் மனைவி, என் வயதுதான் இருக்கும். மத்தியானம் மணி அடிக்கும்போது தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்பார். சோற்றைப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டி உருட்டி மகளுக்கு ஊட்டுவார். நஸ்ரின் கையைத் தூக்கவே வேண்டியதில்லை. நான் பிடி வளைந்த ஸ்பூன் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, இனி அவளே சாப்பிடட்டும், நீங்கள் தொடக்கூடாது என்றேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? புள்ள பசியில வாயத் தொறந்துகினு கீது. நான் கையக் கட்டிகினு குந்தியிருக்கணுமா?"

"நீங்க ஊட்டுற வரைக்கும் அவ கத்துக்க மாட்டா."

"ஒரு நாளு நீங்க வந்து குந்தியிருந்து பாருங்க. அப்ப தெரியும்."

பாசம் காட்டுகிறேன் என்று பிள்ளையைக் கெடுக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஜரினா தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் நஸ்ரின் ஸ்பூனை வைத்துக்கொண்டு அழுதாள். சோறு தரையிலும் பாவாடையிலும் கிடந்தது. மூன்றாம் நாள் ஜரினா திரும்ப வந்தார்.

"டீச்சர், உங்க பேச்சையும் தட்ட முடியல, எம் மனசும் கேக்க மாட்டேங்குது. ஒண்ணு செய்றேன். மொதல்ல நான் ஊட்டிட்றேன். கடைசி உருண்ட மட்டும் அவ கையில வெக்கிறேன், அவளே வாயில போட்டுக்கட்டும். வயிறு ரொம்பினு இருந்தா அழுவாம செய்வா."

சரி, அழுகையாவது நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி உருண்டை நஸ்ரின் வாய்க்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அதோடு சாப்பாடு முடிந்தது என்பதால் ராணி மாதிரி நிமிர்ந்து பார்ப்பாள். அடுத்த மாதம் கடைசி இரண்டு உருண்டை. பிறகு நாலு. நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது பாதிச் சாப்பாடு அவள் கையால்தான். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குவது என்று இந்த முறை என் பாடப்புத்தகத்திலேயே ஒரு பக்கத்தில் இருந்தது. பரீட்சைக்குப் படித்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தரையில் சோறு சிதறிக் கிடந்தபோது அந்தப் பக்கம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஊரில் இருந்தபோது என் தலைக்குள் ஏதோ ஓர் அயல்நாட்டு வகுப்பறை இருந்தது. அயல்நாட்டு வகுப்பறைக்கே வந்த பிறகு என் கைக்குள் ஜரினா வந்து உட்கார்ந்துகொண்டார். ஆனால் ஜரினாவிடமிருந்து நான் எடுத்து வந்தது தவிப்பை மட்டும்தான். அவர் புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மார்கரெட் வந்துபோன மறுநாள் கிளாராவுக்கு எல்லாம் உடுத்திவிட்டு, ஒரே ஒரு கையுறையை மட்டும் அவள் மடியில் வைத்தேன். "இது உன் வேலை" என்றேன். இழுத்தாள், கட்டைவிரல் தவறான இடத்தில் நுழைந்தது, மறுபடி இழுத்தாள். மாட்டிக்கொண்டு நேரே கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் இரண்டு கையுறை. பிறகு தொப்பி. பிறகு ஜிப்பில் கடைசி அரைச் சாண். என் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால் பெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பது எப்படிப்பட்ட வேதனை என்று அப்போது தெரிந்தது. ஜரினா சொன்னபடிதான்.

மார்கரெட் திரும்ப வந்த நாளில் பேன்ட்டும் பூட்ஸும் நான் மாட்டிவிட்டேன், ஜாக்கெட்டுக்குள் கையை நுழைத்தும் விட்டேன். மீதி முழுதும் கிளாரா. ஜிப்பின் அடி முனை கொக்கியில் சேரவேயில்லை. ஒருமுறை, இருமுறை, ஏழெட்டு முறை. நடைபாதை காலியாகிவிட்டது. பதினைந்து நிமிட இடைவேளையில் பத்து போய்விட்டது. கிளாராவின் உதடு பிதுங்கியது. இப்போது அழுதால் என் கதையும் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நொடி என் வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தேவிட்டது. மறுபடி அடியில் செருகிக்கொண்டேன். கிளாரா மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி முனையைப் பிடித்தாள். கொக்கி சேர்ந்தது. ஜிப் கழுத்து வரை ஏறியது. தொப்பி, கையுறை, கதவு. இடைவேளையில் இரண்டு நிமிடம்தான் பாக்கி. அந்த இரண்டு நிமிடமும் அவள் பனியில் மல்லாந்து படுத்துக் கையைக் காலை ஆட்டினாள்.

"யாரிடம் பயிற்சி பெற்றீர்கள்?" என்று மார்கரெட் கேட்டார். ஜரினா என்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்றார். ஹார்டுவேர் கடை என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து, அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

வேலை நிலைத்தது. மே மாதம் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நம் ஊர்ப் படிவங்களில் எப்போதும் இரண்டு கட்டம் இருக்கும்: தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று. அப்பாவுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அங்கே நான் மொத்தமே பத்து நாள் தங்கியிருப்பேனா தெரியாது, ஆனால் பள்ளி முடியும்வரை என் நிரந்தர முகவரி அதுதான். அப்பா ஓய்வுபெற்று சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டிய பிறகு அது மாறியது. இந்தப் படிவத்திலோ முகவரிக்கு ஒரே ஒரு கோடு. நான் யோசிக்கவேயில்லை. கதவு எண், தெரு, சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினேன்.

அலுவலகப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது எந்தப் பக்கம்? தினமும் அங்கிருந்தா காரில் வருகிறீர்கள்?" என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை, அக்கறையோடுதான் கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டு வேறு படிவம் வாங்கி, இந்த ஊர் வீட்டின் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் பழைய தாளைக் கிழிக்கப் போனாள். இப்படிக் கொடுங்கள் என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு தாளிலும் என் கையெழுத்து இருந்தது.